இரண்டரை விநாடி

அமாவாசை சாயங்காலம் ஏழு மணிக்கு, கேட்கக் கூடாத ஒன்று ஹெட்போனில் கேட்டது. அசரியா மோர்ஸ் சாவியை மூன்று முறை தட்டியிருந்தான். மூன்றும் திரும்பி வந்தன.

அவன் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பௌதிக வாத்தியார். செம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய வீட்டின் முன்னறையில், லைசென்ஸ் வாங்கித் தன் கையாலேயே கட்டிய ஹாம் ரேடியோ வைத்திருந்தான். அந்த எழுபத்தொன்றாம் வருஷம் நிலவில் ரஷ்யர்களின் எட்டுச் சக்கர வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் வகுப்பில் வேறு பேச்சே கிடையாது. பூமியிலிருந்து கட்டளை போக ஒன்றேகால் விநாடி, பதில் வர ஒன்றேகால். இங்கே தட்டினால்தான் அங்கே அசையும். எதிரில் இருப்பதை இடமிருந்து வலமாகக் கோடு கோடாகப் பார்த்து அனுப்பும். அங்கே இரவானால் மூடியைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடும்.

போன பௌர்ணமியன்று விளையாட்டாக நிலவை நோக்கி ஓர் அழைப்பு விட்டான். அவனுடைய சின்ன செட்டுக்கு எட்டாத தூரம். ஆனாலும் சரியாக இரண்டரை விநாடி கழித்து அழைப்பு திரும்பி வந்தது. சந்தோஷத்தில், பதில் கொடுத்தவர் எவரானாலும் ரேடியோக்காரர்கள் மரியாதைக்குச் செய்வதைச் செய்தான். பெயர், ஊர், தெரு எல்லாம் தட்டி அனுப்பினான்.

மறுநாள் இரண்டேகால் விநாடி. அடுத்த வாரம் ஒன்றரை. ஸ்டாப்வாட்சை மாற்றிப் பார்த்தான். அதே ஒன்றரை. இடைவெளிதான் தூரம். அது குறைகிறதென்றால், வருகிறது.

நான்கு நாள் செட்டைத் தொடவில்லை. இன்று நிலவு சூரியனோடேயே இறங்கிவிட்டது, வண்டி இருக்கும் பக்கமும் இரவு. ஒன்றும் கேட்காது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் உட்கார்ந்தான்.

கால் விநாடி.

“உங்க நிலாக்காரர் இன்னிக்கு லீவுன்னீங்களே,” என்றாள் ஜெயசீலி சமையலறையிலிருந்து.

“சீலி, துணிமணி எடு. கூடுவாஞ்சேரிக்கு உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம். இப்பவே.”

“பாப்பா இப்பதான் தூங்குது. எதுக்குங்க?”

“அட்ரஸ் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

“அங்க போனா அண்ணன் ரேடியோவக் கழட்டிப் போடுவீங்க. இருங்க, கொழம்ப எறக்கிட்டு வரேன்.”

அவன் பிளக்கைப் பிடுங்கினான். வால்வுகளின் செம்மை மெல்ல அடங்கி, சூடான தூசி வாடையோடு ஏரிச்சேற்றின் ஈர வாடையும் ஜன்னல் வழியாகக் கலந்து வர, அவ்வளவு நேரம் விடாமல் கத்திக்கொண்டிருந்த தவளைகள் கரையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக வாயடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த ஒன்றும் நின்றது.

பதற்றத்தில் அவன் விரல் மேஜையைத் தட்டியது. வெளிச்சுவரிலும் ஒரு தட்டல். அதே கணத்தில். இடைவெளியே இல்லை.

கையை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டான். தட்டக் கூடாது. தட்டினால்தானே பதில்.

சுவரில் தட்டல் கேட்டது. அதன் பிறகு அவன் விரல் விரிந்து, மேஜையைத் தட்டியது.

அவன் தட்டவில்லை.

மறுபடி தட்டல். எழுந்தான். மறுபடி. இடது கால் முன்னால் போனது. மறுபடி. வலது கால். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று ஜெயசீலியிடம் கத்த நினைத்தான். நாக்கு அசையவில்லை. நாக்குக்குக் கட்டளை வரவில்லை.

தட்டல். உள்ளறை வாசல்.

தட்டல். தூளி.

நின்றான். தலை இடமிருந்து வலமாகத் திரும்பியது. ஒரு நூலளவு கீழே இறங்கியது. மறுபடி இடமிருந்து வலம். குழந்தையின் முடி. நெற்றி. புருவம். ஒரு கோடும் விடவில்லை. எங்கேயோ, எதுவோ, அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, புதுசாப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?” ஜெயசீலி கையைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றாள்.

தலை அவள் பக்கம் திரும்பவில்லை. அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. இமைகள் மூடவில்லை.

தட்டல்.

இரண்டு கைகளும் தூளிக்குள் இறங்கின.