மானிய மோட்டார்

காலை ஏழு மணி. மோட்டார் கொட்டகையின் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே மோட்டாரைக் காணோம். தோட்டத்துக்காரர் புகார் கொடுக்க, பத்து மணிக்கெல்லாம் அவருடைய தம்பிக்காரனைப் பிடித்து லாக்கப்பில் போட்டாயிற்று. ஆள் இளைத்தவனாக இருந்தால் போலீசுக்குத்தான் எவ்வளவு சுறுசுறுப்பு!

அது அரசாங்க மானியத்தில் வாங்கிய மோட்டார். மானியம் பெற்றவர்களின் தோட்டங்களை மறுநாள் அதிகாரிகள் வந்து சோதிப்பதாக ஏற்பாடு. பொருளைக் காட்டாதவன் மீது வழக்கு நிச்சயம். அந்த நேரம் பார்த்தா திருட்டுப் போகும்? இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. கொட்டகைக்கே நேரில் போனாள்.

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம்கூட தண்ணி பாய்ச்சினேன் மேடம்," என்றார் புகார் கொடுத்த அண்ணன்காரர்.

"இந்தக் குழாய் வழியாத்தானா?"

"வேற குழாய் ஏது?"

"தம்பி மேல ஏன் சந்தேகம்?"

"வரப்புத் தகராறு. என்னைக் கண்டாலே அவனுக்கு ஆகாது."

அவள் குந்தி உட்கார்ந்து குழாயின் வாய்க்குள் விரலை விட்டாள். ஓட்டை ஓட்டையாக இருந்த காய்ந்த மண் கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது.

"வெறும் மண்ணும்மா," என்றார் ஏட்டு.

ஸ்டேஷன் வாசலில் தம்பிக்காரனின் மனைவி கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கு ஜெயில் என்றால் அந்தக் குடும்பம் நடுத்தெருவில்தான். இன்ஸ்பெக்டர் அம்மாள் நேராக லாக்கப்புக்குப் போனாள்.

"அண்ணன் மோட்டார் ஓடி நீ பார்த்திருக்கியா?"

தம்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் எடுக்கலைங்க. வேற ஒண்ணும் தெரியாது."

"வாயைத் திறந்தா வீட்டுக்குப் போகலாம்ப்பா."

அவன் திறக்கவில்லை.

மதியம் அண்ணன்காரரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, மண் கட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"திருட்டே நடக்கலை. பூட்டை உடைச்சது நீங்கதான்."

"மேடம்!"

"இது குளவிக்கூடு. இந்த ஓட்டையெல்லாம் குஞ்சு வளர்ந்து வெளிய பறந்த வழி. அதுக்கு வாரக்கணக்குல ஆகும். நேத்து வரைக்கும் தண்ணி ஓடின குழாய்க்குள்ள எப்படிய்யா குளவி குடித்தனம் பண்ணும்? இந்தக் குழாயில மோட்டாரே ஓடலை. எங்க அது?"

அண்ணன்காரர் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். "மோட்டார் கடைக்காரர் கொண்டு வந்தாரு. மானியத்துக்குப் போட்டோ எடுத்ததும் அவரே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. மானியத்துல ஆளுக்குப் பாதி."

"சரி, பொய் சொல்லணும்னா யாரோ திருடன்னு சொல்ல வேண்டியதுதானே? கூடப்பிறந்தவனா கிடைச்சான்?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஆள் யாருன்னு தெரியாட்டி நீங்க விடாம துருவுவீங்க. வேற எவன் பேரைச் சொன்னாலும் சும்மா இருக்க மாட்டான். தம்பிக்கு எல்லாம் தெரியும் மேடம். எவ்வளவு அடிச்சாலும் அவன் மட்டும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான்."

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஏட்டிடம் சாவியை நீட்டினாள்.

கதவு திறந்தது. வெளியே வந்த தம்பிக்காரன், பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான்.

"சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டான்.