இடக்கைக்காரரின் ஓரம்

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் பின்னால் இருந்த தங்கை பக்கம் திரும்பினான்.

“என் முதுகுல சாஞ்சு தூங்கறியா?”

“இல்லியே...”

“குறட்டை கேக்குது, தாயே!”

பச்சை விழுந்தது. லாரியை இருவருமே பார்க்கவில்லை.

அண்ணன் இல்லாத வீட்டிலிருந்து அவள் உணவகச் சமையலறைக்குத் திரும்பியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. விபத்தில் வலக்கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. இனி கத்திக்கு இடக்கைதான். மாதக் கடைசிக்குள் பழைய வேகம் வராவிட்டால் பாத்திரம் கழுவப் போகவேண்டும் என்றார் தலைமைச் சமையல்காரர். பிடி தளர்ந்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள். மரத்துப்போனதைச் சொல்லவில்லை.

வெட்டும் மேசையின் இடது ஓரத்தில் போய் நின்றாள்.

“அது என் இடங்க.”

புதிதாகச் சேர்ந்த சமையல்காரன். மழைத்துளி சொட்டும் இமைகள்... உள்ளே சிரிக்கும் கண்கள்.

“பேர் எழுதியிருக்கா?”

“நான் இடக்கைக்காரன். நடுவுல நின்னா பக்கத்து ஆளை முழங்கை இடிக்கும்.”

“இடிங்க. நான் நகர மாட்டேன்.”

அவள் கத்தி எந்தக் கையில் இருக்கிறதென்று பார்த்தான். நகர்ந்து பக்கத்தில் நின்றுகொண்டான். இரண்டு இடக்கைகளும் சேர்ந்தே அசைந்தன... இடிக்கவேயில்லை.

மதிய வேலை ஓய்ந்ததும் அவள் பழகுவாள். முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பிறகு வெள்ளரி. கத்தி பிடித்த கையைவிட, காயைப் பிடித்த கைதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த விரல்கள் மடங்கும், நகரும்... கத்தி பட்டால் மட்டும் அவற்றுக்குத் தெரியாது. இமைக்கக்கூடப் பயந்தாள்.

“கத்தியைப் பாக்காம அந்தக் கையையே பாக்கறீங்களே...” என்றான் அவன்.

“உங்க வேலையைப் பாருங்க.”

ஒருநாள் அவள் பலகைமேல் ஒரு கம்பிவலைக் கையுறை இருந்தது. இறைச்சி வெட்டுபவர்கள் போடுவது. இவனுக்குத் தெரிந்துவிட்டதா? முகம் எரிந்தது. அவன் முன்னால் எறிந்தாள்.

“இரக்கமா?”

“அன்னிக்குச் சுடற தட்டை அந்தக் கையால எடுத்தீங்க. முகமே மாறல...”

“எடுத்துட்டுப் போங்க!”

வீம்போடு வெட்டத் தொடங்கினாள். வெளியே இடி இடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்... கை நிற்கவில்லை. அட, பார்க்காமலே ஓடுகிறதே! வேகம் வந்துவிட்டதா?

“நிறுத்துங்க!”

வெள்ளரி வில்லைகள் சிவந்திருந்தன. எவ்வளவு ஆழம்? விரல் இருக்கிறதா? கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“இருக்கு... நுனிதான்... விரல் இருக்குங்க.” துணியைச் சுற்றி அழுத்தினான். அவன் குரல்தான் அதிகம் நடுங்கியது.

“வலிக்கவே இல்ல,” என்றாள். “அண்ணன் போனப்பவும் இப்படித்தான்... ஒண்ணுமே தெரியல. கண்ணு முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு...”

“நீங்க வெட்டி முடிக்கிறவரைக்கும் நான் மூச்சே விடறதில்ல. இது இரக்கம் இல்லீங்க. உங்களைப் புடிச்சிருக்கு... அந்த ஓரத்தை விட்டுக்குடுத்தேனே, அன்னிலேருந்து.”

“வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“எப்பப் பாத்தாலும் கத்தியோட நிக்கறீங்களே...”

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவன் இன்னொரு கையால் அவள் வலக்கை விரல்களைத் தடவினான்.

“அதுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள் மெதுவாக. “இதைப் பிடிங்க.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடக்கையை நீட்டினாள். அவன் உள்ளங்கை சூடாக இருந்தது.

மறுநாள் கையுறையைப் போட்டுக்கொண்டு தலைமைச் சமையல்காரரிடம் உண்மையைச் சொன்னாள். முணுமுணுத்தார்... இன்னொரு மாதம் கொடுத்தார். அதற்குள் வேகம் வந்துவிட்டது.

அந்த மூன்று விரல்களுக்கு இன்றுவரை சூடு தெரியாது.