கம்பிக்குத் தொப்பி போட்ட மாடி

பெருமுக்கல்லில் கலைமதி வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினால் முதலில் கண்ணில் படுவது தொப்பி போட்ட கம்பிகள்தான். மேலே ஓர் அறை கட்டுவதற்காக அப்பா பூவரசன் தூண்களில் விட்டுவைத்த கம்பிகள். துருப்பிடிக்கக் கூடாது என்று காலி பாட்டில்களைக் கவிழ்த்துத் தொப்பி போட்டவள் கலைமதி.

"குவைத்து போய்ட்டு வந்து உனக்குன்னு ரூம் கட்றேன். ஜன்னலைத் தொறந்தா மலை தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அப்பா. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. இப்போது ஐந்து. மலை அங்கேயேதான் இருக்கிறது. அப்பாவைத்தான் காணோம்.

அன்று திண்டிவனத்திலிருந்து சோலார் கம்பெனிக்காரர் சகாயராஜ் மாடியை அளக்க டேப்போடு வந்தார்.

"பேனல் எங்களுதுங்க. நீங்க மாசாமாசம் வாடகை குடுத்தா போதும். கிரைண்டர் நாள் பூரா ஓடினாலும் பில்லு கையைக் கடிக்காது."

அம்மா தனம் இட்லி மாவு அரைத்து விற்பவள். "பில்லு கொறைஞ்சா உங்கப்பா ஜல்தி வந்துடலாம்டி" என்று மகளின் காதில் சொன்னாள்.

கலைமதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டேப்பின் மறுமுனையை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

சகாயராஜ் ஒரு கம்பியைத் தட்டினார். "இதெல்லாம் வெட்டிடணும். பேனல் மேல நிழல் விழுந்தா கரண்டு கொறையும். பத்து வருஷத்துக்கு அக்ரிமென்ட்டு."

கலைமதியின் கையிலிருந்து டேப் நழுவியது.

"அப்ப, அப்பா வந்தா ரூம் எங்க கட்டுவாரு?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா."

கலைமதி கம்பிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பாவும் வேண்டும், அவர் சொன்ன அறையும் வேண்டும். அவர் ஞாபகத்தில் கண் நிறைந்துவிட்டது.

துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டு மாடி தெரிந்தது. அங்கே உயரமான இரும்பு ஸ்டாண்டின் மேல் தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

சட்டென்று எழுந்தாள். "அண்ணா, அந்தத் தொட்டி மாதிரி பேனலையும் ஒசரத்துல வெச்சா, கம்பி நிழல் விழாதில்ல?"

"விழாது."

"அப்பா ரூம் கட்றப்ப கழட்டி, ரூமு மேலயே மாட்டித் தருவீங்களா?"

சகாயராஜ் தலையைச் சொறிந்தார். "இன்னா பாப்பா, எங்க மேனேஜர்கூட இவ்ளோ கேள்வி கேட்டதில்ல!"

மாடியில் இங்கும் அங்கும் நடந்து போனில் பேசிவிட்டு வந்தார். "ஒரு தடவை மாத்தி மாட்டித் தர்றோம்ங்க. ஸ்டாண்டுக்கு வாடகை கொஞ்சம் கூடும்."

"சரிங்க. நீங்க சொன்னதை அக்ரிமென்ட்டுல எழுதிக்கினு வாங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பா வீடியோவில் வந்தார். கலைமதி மாடியைச் சுற்றிக் காட்டினாள்.

"கம்பியை வெட்டல பா. பேனல் வந்தாலும் ரூம் கட்டலாம். நீ வந்தா போதும்."

அப்பா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஓரத்துக் கம்பிக்குத் தொப்பியைக் காணோமே?"

"காத்துல பறந்துடுச்சு பா."

"பொங்கலுக்கு வர்றேன். நானே போடறேன்."

மறுநாள் அம்மா ஒரு காலி பாட்டிலைக் கொடுத்தாள். கலைமதி வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தாள். அந்த ஒரு கம்பிக்கு அப்பாதான் தொப்பி போட வேண்டும்.