மோந்து பாத்தியா?

தண்ணீரே ஊற்றாத எஞ்சினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாஸ்கல் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. ஆவடி வீட்டில் ஏது கடல்?

அம்பத்தூர் காயலான் கடையில் போன மாதம் கண்ணில் பட்ட ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் அது. துடுப்பு போட்டுக் கை ஓய்ந்த படகுக்காரர்களுக்காக, நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தச் சீமையிலோ வார்த்தது. கியர் கிடையாது, சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றிவிட்டாலும் அந்தப் பக்கம் ஓடும், முன்னாலும் பின்னாலும். பித்தளைத் தகட்டிலிருந்த எண்ணைப் படித்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணூரில் அண்ணன் மேக்ஸ்வெலோடு முழுகிப்போன அதே எஞ்சின்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். கிளப்புவதற்கு முன் ஒருவன் குனிந்து மோந்து பார்க்க வேண்டும். அது பாஸ்கலின் வேலை. அன்றைக்கு அவன் குனியவே இல்லை. கரையில் நின்றபடியே, "மோந்து பாத்துட்டேண்ணா" என்றான். ஒரே ஒரு பொறி. படகு வெடித்தது.

எஞ்சினில்தான் கோளாறு என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வந்தான். அதை நிரூபிக்கத்தான் வாங்கினான். கழற்றிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. சனியன், அவனை மாதிரி இல்லாமல் யோக்கியமாக இருந்தது.

இன்று அண்ணனின் நினைவு நாள். பொழுது சாய்ந்துவிட்டது. கூடத்திலிருந்து மனைவி ஞானகுமாரி குரல் கொடுத்தாள். "இன்னாங்க, மெழுகுவத்தி ஏத்தப்போறேன். அந்த எஞ்சின்ல பெட்ரோலு எதுனா கீதா? எனக்கு ஒரே சளி, வாடையே தெரியல. நீங்க மோந்து பாத்தீங்களா?"

கொரோனாவில் செத்த மூக்கு அவனுடையது. அந்த மூக்கைப் பற்றிப் பேச்செடுக்கவே கூசி, யாரிடமும் சொல்லாமல் இருந்தான். வாய் பழக்கத்தில் பதில் சொன்னது.

"பாத்துட்டேன். ஏத்து."

சக்கரம் அசைந்தது. மெல்ல. பின்பக்கமாக.

அப்போதுதான் தரையைப் பார்த்தான். ஒரு சொட்டு பெட்ரோல்கூட ஊற்றாத டாங்கி தளும்பி வழிந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் வானவில் நிறம். கதவுக்கு அடியில் புகுந்து, கூடம்வரை.

"ஏத்தாதே!" என்று கத்த வாயைத் திறந்தான். சக்கரத்தின் மேல் ஒரு கை. கருகியது. விரலில் அண்ணனின் மோதிரம்.

"டேய் பாஸ்கலு. மோந்து பாத்தியாடா?"

நாக்கு அவன் சொல் கேட்கவில்லை.

"பாத்துட்டேண்ணா."

கூடத்தில் தீக்குச்சி உரசும் சத்தம். நமுத்த குச்சி, பற்றவில்லை. ஞானகுமாரி இன்னொன்றை எடுத்தாள்.