ஓர் ஆளின் ஈரம்

பூட்டிய அறையின் ஈரப்பதம் ஐம்பத்தைந்தில் நிற்க வேண்டும். ஐம்பத்தெட்டில் நின்றது.

மூன்று புள்ளி கூடினால் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அருங்காட்சியகத்தின் பழந்துணிகளைப் பாதுகாப்பதே வேலையாகிப்போன அவளுக்கு அந்த மூன்று நன்றாகத் தெரியும். அந்தச் சின்ன அறைக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து மூச்சு விட்டால் திரையில் ஓடும் கோடு மூன்று புள்ளி ஏறும், இரண்டு பேர் என்றால் ஆறு. கொத்தனார் எப்போது டீ குடிக்க வெளியே போனார் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லி அவரை மிரள வைத்திருக்கிறாள்.

கொத்தனார் வேலை முடித்துப் போய் ஏழு நாளாயிற்று. அன்றே அறையைப் பூட்டினார்கள். அன்றிலிருந்து கோடு ஐம்பத்தெட்டிலேயே இருக்கிறது.

இருநூறு வருஷக் கட்டடம். இரவும் பகலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்த ஏசியை நிறுத்திவிடலாம், தடித்த சுவரும் மூடிய ஜன்னலும் பழைய காற்றுப் பாதைகளுமே போதும் என்று இரண்டு வருஷமாக ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். "துணியில பூஞ்சை பிடிச்சா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் மட்டம் தட்டிய இயக்குநர், கடைசியில் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். இன்று நாலு மணியோடு முடிகிறது. கோடு அறுபதைத் தாண்டாவிட்டால் அடுத்த கட்டமாக அறையை மூன்று மாதம் யாரும் திறக்க மாட்டார்கள். தாண்டினால் ஏசி மறுபடி ஓடும், அவள் அதற்குப் பிறகு அந்தக் கூட்டங்களில் வாயே திறக்க முடியாது.

ஐம்பத்தெட்டு என்றால் பாஸ்தான். ஆனாலும் நிமிஷத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்தாள்.

கொத்தனார் சொன்னது வேறு சும்மா சும்மா நினைவுக்கு வந்தது. சுவருக்குள் போகும் காற்றுப் பாதையை யாரோ எந்தக் காலத்திலோ அடைத்து வைத்திருந்தார்கள். அதை இடித்தபோது அவர் ஒரு செங்கல்லைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா, கலவையை விரலால வழிச்சிருக்கு. அதுவும் அந்தப் பக்கத்துல இருந்து." அந்தப் பக்கம் என்றால் சுவரின் உள்ளே, ஒரு பூனை உட்கார இடமில்லாத பொந்து. அவள் சிரித்துவிட்டு அடுத்த வேலையைச் சொன்னாள்.

அந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டால் கோடு ஏறாது என்ற கணக்கில், மூன்று மணிக்கு அறை வாசலுக்குப் போனாள். காவலாளி நாற்காலியில் இருந்து எழுந்தார். அலுவலகமே அவரைக் கொட்டாவி என்றுதான் கூப்பிடும், இன்று அவர் கொட்டாவி விடவில்லை.

"காலைல இருந்து உள்ள யாரோ மூச்சு விடுற மாதிரியே இருக்கு மேடம்."

"பழைய கட்டடம் அண்ணே. மூச்சு விடத்தான் செய்யும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு." டேப் சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நான் உள்ள போனதும் டேப்பை ஒட்டிடுங்க, காத்து புகுந்தா கோடு ஆடிடும். நான் கூப்பிட்டாத்தான் திறக்கணும்."

செல்போன் உள்ளே கூடாது என்பது அவளே போட்ட விதி. அவரிடம் கொடுத்தாள். "பாப்பா ஸ்கூல் விட்டதும் கூப்பிடுவா. அம்மா வந்துட்டே இருக்கான்னு சொல்லுங்க."

கதவு மூடியது. டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

வெயில் கொளுத்தும் மதியத்தில் அந்த அறை மட்டும் இருண்டு கிடந்தது, ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன, சின்ன டார்ச்சின் மஞ்சள் வட்டம் வெள்ளைத் துணி போர்த்திய உடைத் தாங்கிகள் மீதும் மரப்பெட்டிகள் மீதும் தயங்கித் தயங்கி நகர, பழைய பட்டின் வாசனைக்கும் சுண்ணாம்பின் வாசனைக்கும் அடியில் வேறொரு வாசனை மெல்ல மேலே வந்தது. நெடுநேரம் தூங்கி எழுந்தவர் வாயைத் திறந்தால் வருமே, அது.

சுவரில் காற்றுப் பாதையின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. பக்கத்தில் மீட்டரின் சிவப்பு எண்.

ஐம்பத்தெட்டு.

தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். உள்ளே இழுக்கும் சத்தம். நிதானமாக. பிறகு வெளியே விடும் சத்தம். கடைசித் தாங்கியின் மேல் இருந்த துணி லேசாக உப்பியது. அடங்கியது.

ஐம்பத்தொன்பது.

காற்றுதான். காற்றாகத்தான் இருக்க வேண்டும். டார்ச்சைத் திருப்பினாள். துணியின் கீழ்விளிம்பில் தாங்கியின் மரக்கால் இல்லை.

அறுபது.

பயத்தைவிட முதலில் ஆத்திரம்தான் வந்தது. இரண்டு வருஷ உழைப்பு. இன்னும் ஒரு மணி நேரம். அறுபத்தொன்று ஆனால் எல்லாம் போச்சு. பயத்தை விரட்ட வழக்கம்போல விளையாட்டாகப் பேசினாள்.

"ரெண்டு பேரை இந்த ரூம் தாங்காது. ஒருத்தர் வெளியே போயிடணும்."

மூச்சுச் சத்தம் நின்றது.

டார்ச் அணைந்தது.

கன்னத்தின் அருகே ஈரமாக ஏதோ கடந்து போனது. பிறகு, கதவருகில் இருந்து:

"அண்ணே, திறங்க."

அவள் குரல்.

டேப் பிய்ந்தது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அந்தக் கோட்டில் அவளுடைய பின்னல். அவளுடைய நீலத் துப்பட்டா. நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட அவளுடைய கண்ணாடி. இருட்டில் இருந்து அவள் கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள். வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. குரல் இல்லை.

கதவு மூடியது.

"என்ன மேடம், இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"உள்ள காத்தே இல்லண்ணே. டேப்பை நல்லா ஒட்டுங்க. போனைக் கொடுங்க."

தட்டுத் தடுமாறிக் கதவுக்கு ஓடினாள். இரண்டு கையாலும் அறைந்தாள். காற்று புகாமல் இருக்க அவளே ஒட்ட வைத்த தடித்த கம்பளி, சத்தத்தையெல்லாம் விழுங்கியது. உயிரைக் கொடுத்துக் கத்தினாள். மூச்சு. வெறும் மூச்சு.

"மேடம், மறுபடி கேக்குது பாருங்க. உள்ள யாரோ..."

"பழைய கட்டடம் அண்ணே. மூச்சு விடத்தான் செய்யும். மூணு மாசத்துக்கு யாரும் திறக்கக் கூடாது."

வெளியே செல்போன் மணி அடித்தது. பாப்பாவுக்கென்று அவள் வைத்திருந்த பாட்டு.

"அம்மாதான்டா செல்லம். கேட் கிட்டயே நில்லு. வந்துட்டே இருக்கேன்."

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. கொட்டாவி அண்ணன் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். நாற்காலி கிறீச்சிட்டது.

அவளுக்குப் பின்னால் இருட்டில் சிவப்பு எண் ஒவ்வொன்றாக இறங்கியது. அறுபது. ஐம்பத்தொன்பது.

ஐம்பத்தெட்டு. அங்கேயே நின்றது.