சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை

"அக்கா, நான் அந்தப் பூட்டின ரூமுக்குள்ள போறேன்" என்றான் தென்னரசு.

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஓர் அறை இருப்பதை அவள் இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

"எந்த ரூமுடா?"

"கிச்சனுக்குப் பின்னாடி இருக்கே, அதான். என் மேப்புல நல்லா தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதியம் பிடித்த மழை திண்டிவனத்தை இன்னும் விடவில்லை. ஹாலில் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. கெடாரிலிருந்து தென்னரசும், விழுப்புரத்திலிருந்து கலைமதியும் குரூப் காலில் இருந்தார்கள். கல்லூரியில் பிடித்த பழக்கம் இது. ஜெசிந்தா கதை சொல்வாள். மற்ற இருவரும் கதைக்குள் ஆளாகி நடப்பார்கள், கதவைத் திறப்பார்கள், சில நேரம் சாவார்கள். அவள்தான் கேம் மாஸ்டர். ரகசியம் எல்லாம் அவளிடம் இருக்கும், அவர்களுக்கு அவள் காட்டுவது மட்டும்தான் தெரியும்.

அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். கண் திறந்திருந்தால் எல்லாருக்கும் தெரியும். மூடியிருந்தால் மாஸ்டருக்கு மட்டும் தெரியும், ஆட்டக்காரர்களுக்கு அங்கே வெறும் சுவர்.

இந்த முறை புதிதாக வரையச் சோம்பல்பட்டு, தன் வாடகை வீட்டையே வரைந்து வைத்திருந்தாள். ஹால், படுக்கையறை, சமையலறை. பேய் நடமாட இது பத்தாது என்று சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையைச் சொந்தமாகச் சேர்த்திருந்தாள். நிஜத்தில் அங்கே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் முள்செடி மண்டிய காலி மனை.

அறையின் கண்ணைப் பார்த்தாள். திறந்திருந்தது. மூடினாள்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுதே" என்றாள் கலைமதி. "உள்ள ஒருத்தர் நிக்கிறாரு ஜெசி. மூஞ்சியே இல்ல. பயங்கரமா பண்ணியிருக்க."

முகமில்லாத அந்த ஆளை ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று சோதிக்க மாஸ்டர்கள் பொய்யாக ஓர் ஆட்டக்காரரை உண்டாக்கி வைத்துக்கொள்வார்கள். அவளும் வைத்திருந்தாள். 'சும்மா' என்று பேர் கொடுத்தாள், படம் வைக்கவில்லை. வேறு போனில் அந்தப் பேரில் நுழைந்து பார்ப்பாள், பார்த்ததும் வாசல் கேட்டோரம் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுவாள். மாதக்கணக்காகக் கேட்டோரம்தான் நின்றது.

"சர்வர் பேஜாரு பண்ணுது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அழைப்பை முடித்தாள்.

குரல்கள் போனதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. மழை ஓட்டுச் சரிவில் விழுந்து, குழாயில் இறங்கி, சிமெண்டுத் தரையில் அடித்து, வாய்க்காலில் கலப்பது வரை தனித்தனியாகக் கேட்டது, அதற்கெல்லாம் அடியில் சமையலறைப் பக்கமிருந்து, ஈரக்காலை யாரோ மெல்ல மாற்றி ஊன்றுவது போல இன்னொரு சத்தமும் கேட்டது. புதுச் சுண்ணாம்பு வாசம் வேறு. இந்த வீட்டுக்கு வெள்ளையடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் அதற்கெல்லாம் பணம் எடுக்கிறவர் இல்லை.

அடுத்தவரைப் பயமுறுத்தியே பழகியவள், தனக்கே வந்ததும் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

போன் அடித்தது. அவள் கணவன் அலெக்ஸ். விழுப்புரத்தில் வேலை முடிந்து திரும்புகிறான்.

"ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். சூடா மல்லாட்டை வேக வெச்சிக்கினு இருக்காங்க, வாங்கிக்கினு வர்றேன்."

"ஜல்தி வாங்க."

"ஏன், என்னா?"

"ஒண்ணுமில்ல. வாங்க, அவ்ளோதான்."

போனை வைத்த கையோடு கரண்ட் போயிற்று. லேப்டாப் வெளிச்சம் மட்டும் மிச்சம். அந்தச் சனியனை அழித்துவிட்டால் நிம்மதி என்று ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்தாள்.

சும்மா: மாஸ்டர்.

நினைவு வந்தது. லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்தபோது போனிலேயே ஆட்டத்தை நடத்த வேண்டியிருந்தது. சும்மாவுக்கு மாஸ்டர் உரிமை கொடுத்து அதன் பேரில் நடத்தினாள். முடிந்ததும் திரும்ப வாங்க மறந்துபோனாள். அன்றிலிருந்து அவள் எழுதிய ரகசியத்தையெல்லாம் அது படித்திருக்கிறது. வீடு முழுக்க அதற்குத் தெரியும்.

அழி என்பதை அமுக்கினாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. பட்டியலில் அவள் பேருக்கு நேரே பார்த்தாள்.

ஜெசிந்தா: ஆட்டக்காரர்.

வரைபடத்தில் படுக்கையறை கறுத்தது. அவ்வளவுதான், ஒரு சின்னக் கட்டம் இருளடைந்தது. அவள் உடனே திரும்பவில்லை, திரும்ப மனசில்லை. பிறகு திரும்பினாள். படுக்கையறை வாசலில் பூப்போட்ட திரை தொங்கிய இடத்தில் சுவர் இருந்தது, அவளே மாட்டிய காலண்டர் அதன்மேல் பொருந்தி நின்றது.

கையை வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு ஈரமாக ஒட்டியது.

வாசல் இன்னும் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். தாழ்ப்பாளில் விரல் பட்டது, இரும்பின் குளிர்ச்சி தெரிந்தது, இழுக்கப் போனாள். விரலுக்குக் கீழே சொரசொரப்பு. சுவர். மழைச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

அலெக்ஸைக் கூப்பிட்டாள். போகவில்லை. டவர் இல்லை.

சமையலறை ஜன்னல். அது ஒன்றுதான் மிச்சம். கம்பியைப் பிடித்துக் கத்தினால் தெருவில் யாருக்காவது கேட்கும். ஓடினாள். அடுப்பு மேடை இருந்தது. ஜன்னல் இல்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதவு. அவள் வரைந்த கதவு. பச்சைப் பெயிண்ட்கூட அவள் எழுதி வைத்ததுதான்.

திறந்திருந்தது.

போகக் கூடாது. போக மாட்டாள். பின்னால் ஹால் இருக்கிறது.

ஹால் இல்லை.

மேடை இல்லை.

பின்னால் சுவர் தள்ளவில்லை, எதுவும் தொடவில்லை. நிற்க இடம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. கால் தானாக ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி.

கதவு இல்லை.

இருட்டு. சுண்ணாம்பு வாசம். அவள் மூச்சு.

வேறு மூச்சு இல்லை. அது இங்கே இல்லை. அப்படியானால் எங்கே?

சாவி சத்தம் கேட்டது. வெகு பக்கத்தில். வாசல் கதவு கிறீச்சிட்டது, இல்லாத அந்த வாசல்.

"ஜெசி?" அலெக்ஸின் குரல்.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு கையாலும் சுவரை அடித்தாள்.

"தோ, இங்கதான் இருக்கியா. இருட்டுல உக்காந்துக்கினு என்னா பண்ற? கூப்ட்டா ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

நாற்காலி இழுபடும் சத்தம். வேர்க்கடலைப் பொட்டலம் பிரியும் சத்தம்.

"சூடு ஆறதுக்குள்ள சாப்புடு. ஈரமா இருக்க, நனஞ்சியா?"

ஜெசிந்தா மீண்டும் சுவரை அடித்தாள். கை எரிந்தது.

"சுவத்துக்குப் பின்னாடி எலி பூந்துக்கிச்சு போல" என்றான் அலெக்ஸ். "நாளைக்குப் பாக்கறேன்."

கையிலிருந்த போன் தானாக வெளிச்சம் காட்டியது. வரைபடம். எல்லாம் கறுப்பு, ஒரே ஓர் அறை மட்டும் தெரிந்தது. அதன் நடுவே முகமில்லாத ஓர் உருவம். அதன் கீழே பேர்: சும்மா. அவள் ஒரு எட்டு நகர்ந்தாள். உருவமும் ஒரு எட்டு நகர்ந்தது.

அறைக்குப் பக்கத்திலிருந்த கண் மூடியது. வெளிச்சமும் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மல்லாட்டைத் தோல் உடைந்தது. சற்றுப் பொறுத்து, பழக்கமில்லாத விரல் உடைப்பது போல, மெதுவாக, இன்னொன்று.