கேமரா பார்க்காத பக்கம்

திறந்திருந்த கதவுக்குள் ஒரு கறை தெரிந்தது.

ரெனிதா வீடியோவை மறுபடி ஓட்டினாள். அவளே செய்த அனிமேஷன். ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி மேசை முன் உட்கார்ந்திருக்கிறாள். மேசைக்கு இடப்பக்கம் உள்ளறைக் கதவு திறந்து கிடக்கிறது, அதற்குள் வெறும் இருட்டு. காட்டுப்பாக்கத்தில் தான் உட்கார்ந்திருந்த இதே வீட்டின் கூடத்தையே அளந்து செய்திருந்தாள். அந்தப் பெண்ணையும், பின்னாலிருந்து அம்மா எடுத்துத் தந்த தன் போட்டோவைப் பார்த்தே செய்திருந்தாள். இருட்டுக்குள் எதையும் வைக்கவில்லை. சாஃப்ட்வேரில் பார்த்தால் சுத்தமாக இருந்தது. வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்தால் மட்டும் கறை.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும். எப்போதும் அப்படித்தான். இரவு எட்டு மணிக்குள் இதை அனுப்பினால் அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை கிடைக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் அம்மாவோடு அம்பத்தூர் கம்பெனியில் பேக்கிங். மாலை வகுப்பில் கூடப் படிக்கும் அஸ்வினுக்குப் போன் போட்டாள்.

"பிட்ரேட்ட கம்மியா வச்சிருப்ப," என்றான். "ஃபைலு சின்னதாவும், ஆனா இருட்டெல்லாம் கட்டங்கட்டமா ஒடஞ்சிடும். ஏத்திவுடு, சரியாப்பூடும்."

"ஏத்தியும் போவலன்னா?"

"அப்ப பேய்தான். அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி செஞ்சியா?"

"இல்ல. கேமரா பின்னாலதான கீது. கேமரா பாக்காதத செய்யாதீங்கன்னு சார் சொன்னாரு. முதுகு மட்டும்தான். முன்பக்கம் ஓட்டை."

"நல்லவேள. உன் மூஞ்சிய வச்சா கம்ப்யூட்டரே பயந்துக்கும்."

பிட்ரேட்டை இரண்டு மடங்காக்கி மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்தாள். பூந்தமல்லி சாலையில் பஸ்கள் மழைநீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஓசையும், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும், மேசைக்கு இடப்பக்கம் இருண்டு கிடந்த உள்ளறையிலிருந்து காயாத துணிகளின் புளித்த வாடையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

கறை போகவில்லை. கட்டங்கள் கரைந்திருந்தன. கறைக்குத் தோள்கள் வந்திருந்தன.

சுருக்கியதால் வந்த கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்படியானால் சுருக்கவே வேண்டாம். ஒவ்வொரு ஃப்ரேமும் தனிப் படமாக, முழுத் தரத்தில். பட்டனை அழுத்தினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. சிபியூவின் விசிறி இரைந்தது. எப்போது என்று தெரியவில்லை, பஸ் சத்தம் நின்றிருந்தது. குக்கரும் அடங்கியிருந்தது. உள்ளறையில் கொடிக்கயிறு மட்டும் கிறீச்சிட்டது, யாரோ துணிகளை விலக்குவதுபோல.

அவள் இடப்பக்கம் பார்க்கவில்லை.

முதல் படத்தைத் திறந்தாள். கதவைப் பெரிதாக்கினாள்.

முகம்.

கண், மூக்கு, வாய், கழுத்து, தோளின் முன்பக்கம். காதுக்குப் பின்னால் எதுவுமில்லை. பாதியாக உடைத்த தேங்காய் ஓடு மாதிரி, முன்பாதி மட்டும் நின்றது. தாடையில் ஒரு பரு. இன்று காலை கண்ணாடியில் அவள் பார்த்த பரு.

அது மேசை முன் இருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாடையைத் தொட்டுப் பார்க்கக் கையை உயர்த்தினாள். விரல்களைத் தடுக்க எதுவும் இல்லை. உள்ளே போயின. இன்னும் உள்ளே. பின்மண்டையின் உட்புறம் விரலில் தட்டியது. வழவழப்பாக. குளிர்ந்து.

திரை இன்னும் தெரிந்தது. எதனால் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

பின்னால் தெருக்கதவு திறந்தது. குடையை உதறும் சத்தம். அம்மா சகாயமேரி.

"இன்னாடி, லைட்டு கூட போடாம குந்திகினு கீற?"

கத்த நினைத்தாள். கத்த வாய் இல்லை.

"ரெனிதா. உன்னதான் கேக்கறேன்."

"தோ வரேம்மா."

அவளுடைய குரல். உள்ளறையிலிருந்து.

அம்மாவின் காலடி நின்றது. பிறகு நெருங்கியது. மழையில் நனைந்த கை நாற்காலியின் முதுகைப் பற்றி, மெல்லத் தன் பக்கம் திருப்பியது.